காலை ஆறு மணி மூச்சு

அன்று கூட்ட அறையில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். மேலாளர் இருந்தார். ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா இருந்தார். அவரை நாங்கள் லேப் அம்மா என்போம். மின்பணியாளர் இருந்தார், அவருக்கு ஷாக்கு என்று பெயர் வைத்துப் பல வருஷங்கள் ஆகின்றன, சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. என் தம்பி இருந்தான், என்னைவிடப் பதினெட்டு வயது இளையவன். பம்புகளும் வால்வுகளும் அவன் பொறுப்பு. வாயு அளக்க வந்த மோப்பக்காரர் இருந்தார். நான் இருந்தேன். சுவரில் சட்டத்துக்குள் என் அப்பா இருந்தார். அவரையும் சேர்த்தால் ஏழு பேர். அவரை விட்டுவிட்டு நான் எந்தக் கூட்டத்திலும் தலை எண்ணியதில்லை.

டீ சுமாராக இருந்தது. ஜன்னல் ஓரத்து நாற்காலியின் கால் ஒன்று ஆடியது. அதில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

விசாரணை அதிகாரியான உங்களுக்கு இந்த அறை தேவையில்லாத விஷயமாகத் தெரியலாம். நீங்கள் இரண்டு தடவை வந்தபோதும் சேற்றுக் கிணற்றைப் பற்றி மட்டுமே கேட்டீர்கள். கிணற்றில் நடந்தது இந்த அறையில் தொடங்கியது. எந்த வேலையையும் நடுவிலிருந்து விளக்குவது எனக்குப் பழக்கமில்லை.

எங்கள் நிலையம் செய்வது இதுதான். ஊர் கழுவி ஊற்றுவதெல்லாம் குழாய் வழியாக எங்களிடம் வருகிறது. கல்லையும் துணியையும் வடிகட்டியபின் தண்ணீர் காற்றூட்டும் தொட்டிகளுக்குப் போகும். அங்கே அடியிலிருந்து காற்றை ஊதிக்கொண்டே இருப்போம். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அந்தக் காற்றில் பிழைத்து அழுக்கைத் தின்னும். படியும் சேறு தனியாகச் செரிமானத் தொட்டிக்குப் போகும். அது மூடி போட்ட பெரிய தொட்டி. காற்றில்லாமல் சேறு அதற்குள் செரிக்கும்போது மீத்தேன் வாயு கிளம்பும். அதைக் குழாயில் பிடித்து எரித்துவிட வேண்டும். எரிக்காமல் விட்டால் வானத்தைச் சூடாக்குமாம். அப்பா காலத்தில் வானத்தைப் பற்றி எங்களிடம் யாரும் பேசவில்லை. தொட்டி வெடிக்கக் கூடாது, அவ்வளவுதான் உத்தரவு.

அப்பா இந்த நிலையத்தின் முதல் தலைமை இயக்குநர். இரண்டாவது நான். எனக்கு அறுபத்தெட்டு வயது. ஓய்வு கொடுத்தார்கள், மூன்றே மாதத்தில் திரும்பக் கூப்பிட்டு வைத்துக்கொண்டார்கள். எந்தக் குழாய் எந்தச் சுவருக்குள் போகிறது என்பது வரைபடத்தில் பாதிதான் இருக்கிறது, மீதி என் தலையில் இருக்கிறது.

எனக்குப் பன்னிரண்டு வயதில் செரிமானத் தொட்டியின் முதல் மூடி பிளந்தது. மேலே நின்றிருந்த ஒருவர் போய்விட்டார். மூடியை ஒட்டுப் போட்டுப் பொருத்திய மறுநாளிலிருந்து அப்பா தினமும் காலை ஆறு மணிக்குத் தொட்டியின் மேல் ஏறினார். அழுத்தத் திறப்பைக் கையால் திறந்து வாயுவை வெளியே விட்டு, தொள்ளாயிரம் எண்ணி மூடினார். கடிகாரம் பார்க்க மாட்டார், வாயால்தான் எண்ணுவார். தொட்டிக்கு மூச்சு விடுவது என்று அதற்கு வீட்டில் பெயர். எனக்கு முப்பது வயதாகும்போது புதிய மூடி வந்தது. வாயுவைத் தானாக எரிக்கும் சுடர்க்குழாயும் வந்தது. அப்பா இயந்திரத்தை நம்பவில்லை. அம்மா தவறிய அன்று காலையும் மூச்சு விட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். அப்பா போன மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் மேலே நின்றேன். இரண்டு பேருமாக ஐம்பத்தாறு வருஷம். அதற்குள் ஒரு தடவைகூடத் தொட்டி வெடிக்கவில்லை. இதற்கு மேல் ஒருவர் என்ன நிரூபிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

நிலையத்தில் புதிதாகக் கட்டிய கட்டுப்பாட்டுக் கட்டடத்துக்கு அப்பாவின் பெயரை வைப்பதாக முடிவாகியிருந்தது. பெயரை வெட்டிய கல்லும் வந்துவிட்டது. வாசலில் அதற்கு அளவெடுத்து இடம் விட்டுப் பூசியிருந்தார்கள். எங்கள் குடும்பத்துக்கு நிலம் கிடையாது, படிப்பும் பெரிதாகக் கிடையாது. இந்த வேலையைப் பிசகில்லாமல் செய்தவர்கள் என்ற பெயர் ஒன்றுதான் உண்டு. அதைக் கல்லில் பார்த்துவிட்டுக் கண்ணை மூடலாம் என்றிருந்தேன்.

மோப்பக்காரர் வந்தது அந்தச் சமயத்தில்தான். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். தலைமை அலுவலகத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். நிலையத்தின் எந்த மூலையிலிருந்து எவ்வளவு வாயு கிளம்புகிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. கவிழ்த்த வாளி மாதிரி ஒரு கூண்டைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, அதற்குள் சேரும் வாயுவைக் குழாய் போட்டு உறிஞ்சி அளப்பார். கையில் கருவியோடு வேலியோரமாக நடப்பார், நிற்பார், எண்ணைப் பார்ப்பார், வந்த வழியே திரும்புவார். ஷாக்குதான் முதல் நாளே மோப்பக்காரர் என்று பெயர் வைத்தார். அவர் கோபிக்கவில்லை. தன் வரைபடத்தின் மூலையில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு மூக்கை வரைந்து வைத்தார். எல்லோருக்கும் அவரைப் பிடித்துப்போயிற்று.

தினமும் காலையில் ஆறு மணியிலிருந்து ஆறேகால் வரை அவருடைய கருவியில் எண் எகிறியது. காரணம் அவருக்குப் பிடிபடவில்லை, ஏனென்றால் அவர் வேலைக்கு வருவது எட்டு மணிக்கு. ஒரு நாள் ஐந்தரைக்கே வந்து, வாயுவைக் கரும்புகையாகக் காட்டும் ஒரு கேமராவோடு வேலியருகே நின்றிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கீழே நின்று, ஐயா என்ன செய்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். கேட்காமல் படம் எடுத்தார்.

அந்தப் படத்தைத்தான் கூட்ட அறையில் போட்டார். திரை அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. தொட்டியின் மேல் ஒரு கிழவன் நிற்கிறான். அவன் காலடியிலிருந்து கறுப்பாக ஒன்று பெருகி, விரிந்து, வேலியைத் தாண்டி ஊர்ப் பக்கம் போகிறது. கிழவன் உதட்டை அசைத்துக்கொண்டே நிற்கிறான். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பார்ப்பவர்களுக்கு அது வேறு மாதிரி தெரிந்தது.

"மேலே நிக்கிறது யாரு?" என்றார் மேலாளர்.

"அண்ணன்தான்" என்றான் என் தம்பி.

"இந்த நிலையத்துலேர்ந்து போற மொத்த வாயுவுல பாதிக்கு மேல இந்தப் பதினஞ்சு நிமிஷத்துலதான் போகுது" என்றார் மோப்பக்காரர். "ஊர்ல ஓடுற பஸ் எல்லாத்தையும் நிறுத்தினாக்கூட இதுக்கு ஈடு ஆகாது."

"எவ்வளவு நாளா நடக்குது பெரியவரே?"

"ஐம்பத்தாறு வருஷமா" என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்துதான் சொன்னேன்.

ஷாக்கு டீயைக் கீழே வைத்தார். "அப்போ அப்பாவும் புள்ளையுமா அம்பத்தாறு வருஷமா ஊர் மேல கேஸ் விட்டிருக்காங்க. நாமதான் பாவம், பக்கத்துல உக்காந்தவனை முறைச்சுக்கிட்டு இருந்தோம்."

மேலாளர் கைக்குட்டைக்குள் இருமினார். லேப் அம்மா தலை குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது. என் தம்பி சிரிக்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். மோப்பக்காரர் சிரித்தார். பற்கள் தெரியச் சிரித்தார். அவருக்குப் பின்னால் திரையில், கறுப்புப் புகைக்குக் கீழே, இயக்கப் பிழை என்ற இரண்டு சொற்கள் இருந்தன. பக்கத்துச் சுவரில் அப்பா இருந்தார்.

நான் எழுந்தேன். நாற்காலியை ஓசையில்லாமல் மேசைக்குள் தள்ளினேன்.

"ஐயா, உட்காருங்க. இன்னும் ஒரு ஸ்லைடு இருக்கு" என்றார் மோப்பக்காரர்.

மீதியைக் கேட்க நான் அங்கே இல்லை, அதோடு கூட்டமும் கலைந்துவிட்டதாம். சிரித்த அறையில் உட்கார்ந்திருப்பது எங்கள் வழக்கமில்லை.

மறுவாரம் கல்லை வாசலிலிருந்து ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார்கள். எழுத்துப் பக்கத்தைச் சுவரோடு சாய்த்திருந்தார்கள். மேலாளரிடம் கேட்டேன். "இப்போதைக்குக் கொஞ்சம் ஆறப் போடுவோம் பெரியவரே. அறிக்கை வரட்டும்" என்றார். பூசி வைத்திருந்த இடத்தில் ஒரு தீயணைப்புக் கருவியை மாட்டிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்தான்.

"அண்ணே, மனசுல வச்சுக்காதீங்க. அந்த ஆளு நல்ல ஆளுதான்."

"அப்பாவைப் பார்த்துச் சிரிச்சான்டா."

"அப்பாவைப் பார்த்து எங்கண்ணே சிரிச்சாரு? ஷாக்கு சொன்னதுக்குச் சிரிச்சாரு. நானும்தான்..." அங்கே நிறுத்திக்கொண்டான். தண்ணீர் கேட்டான். கொடுத்தேன்.

ஏன் ஷாக்குவை விட்டுவிட்டாய் என்று நீங்கள் கேட்கலாம். ஷாக்கு சாவு வீட்டிலும் ஜோக்கடிக்கிறவர். அவர் வாய்க்கு மரியாதை கொடுத்தால்தான் அது வலிக்கும். மேலாளர் இன்னும் இரண்டு வருஷத்தில் மாற்றலாகிப் போவார், அவருக்கு இங்கே எதுவும் ஒட்டாது. படம் எடுத்தவர் வேறு. தேடித் தேடி வந்து, ஐம்பத்தாறு வருஷத்தைப் பதினைந்து நிமிஷமாகச் சுருக்கி, அதற்கு இரண்டு சொல்லில் பெயரும் வைத்தவர் அவர். கோபத்தில் செய்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன், ஏழு வாரம் எடுத்துக்கொண்டேன்.

மூச்சு விடுவதை நிறுத்தச் சொல்லி எழுத்தில் உத்தரவு வந்தது. அன்றே நிறுத்தினேன். எண் இறங்குகிறதா என்று பார்க்க மோப்பக்காரர் இரண்டாம் சுற்று அளவெடுக்கத் தொடங்கினார். அவர் எண்ணைப் பின்தொடர்ந்து போகிறவர். எண் எங்கே ஏறுகிறதோ அங்கே அவர் கால் போகும். எண் எங்கே ஏற வேண்டும் என்பது என் கையில் இருந்தது. ஒரு நிலையத்தை உள்ளங்கை மாதிரித் தெரிந்தவனுக்கு இது பெரிய வித்தையில்லை.

முதலில் மூன்றாம் காற்றூட்டும் தொட்டிக்குப் போகும் காற்றைக் கொஞ்சம் குறைத்தேன். காற்று போதாவிட்டால் அந்தத் தொட்டியிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். மீத்தேனைவிட அது பொல்லாதது என்று அவரே எங்களுக்குப் பாடம் எடுத்திருந்தார். மோப்பக்காரர் கூண்டைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடினார். பன்னிரண்டு நாள் அந்தத் தொட்டியோரமே கிடந்தார். வெயிலில் கழுத்து கறுத்துப்போயிற்று. லேப் அம்மா மட்டும் ஒரு நாள் பதிவேட்டோடு என்னிடம் வந்தார்.

"ஐயா, மூணாவது தொட்டியில ஆக்சிஜன் குறைவாவே வருதே. நீங்க பாக்காம விட மாட்டீங்களே."

"காற்றுக் குழாய்ல அடைப்பும்மா. பார்த்துக்கிட்டிருக்கேன்."

"உங்களுக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கேன்."

அடுத்த நாள் காற்றைப் பழையபடி விட்டேன். எண் இறங்கியது. மோப்பக்காரர் வரைபடத்தில் அந்தத் தொட்டியின் மேல் சிவப்புப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டார். பிறகு ஈரம் வற்றாத சேற்றை, சேறு உலர்த்தும் களத்தில் கொட்டச் செய்தேன், அங்கே எண் ஏறியது. ஒரு வாரம் அங்கே போனார். இன்னொரு பெருக்கல் குறி. அவர் ஒவ்வொரு இடமாக அடிப்பதைக் கட்டுப்பாட்டு அறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். நேரே கிணற்றைக் காட்டியிருந்தால் அவர் யோசித்திருப்பார். தானே கண்டுபிடித்தால் அப்படி யோசிக்க மாட்டார். அது அவர் தொழிலின் சுபாவம். சுற்ற வைத்ததில் எனக்குக் கொஞ்சம் திருப்தியும் இருந்தது, மறைக்கவில்லை.

வடக்கு வேலியோரம் ஒரு பழைய சேற்றுக் கிணறு இருக்கிறது. இருபது வருஷமாக அதை உபயோகிப்பதில்லை. செரிமானத் தொட்டியின் அடியிலிருந்து அதற்கு ஒரு குழாய் போகிறது; நடுவில் ஒரே ஒரு வால்வு. அந்த வால்வை நாங்கள் மறந்துவிடவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை நானே கிரீஸ் போட்டு, திருகிப் பார்த்து வைப்பேன். நாலாம் வாரம் அதைக் கொஞ்சமாகத் திறந்து, கிணற்றில் முழங்கால் அளவு சேறு இறங்கவிட்டு மூடினேன். தேங்கிய சேறு தன் வேலையைச் செய்யும். வடக்கு வேலியில் எண் ஏறத் தொடங்கியது.

அவர் என்னைத் தேடி வந்தது அந்த வாரம்தான். பம்பு அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு டீயோடு வந்தார்.

"ஐயா, என் மேல கோபமா இருக்கீங்க."

"கோபப்பட என்ன சார் இருக்கு."

"சார்னு கூப்பிடாதீங்க ஐயா. தம்பின்னு கூப்பிடுங்க."

"எனக்கு ஒரு தம்பிதான் சார் உண்டு."

அவர் சிரித்தார். நான் விளையாட்டாகச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டார். "நீங்க மூச்சு விடுறதை நிறுத்திட்டீங்க. ஆனா எண்ணு இறங்க மாட்டேங்குது. எனக்கு மண்டை காயுது. நீங்க இந்த இடத்துலயே வளர்ந்தவங்க, நீங்கதான் சொல்லணும். வடக்கு வேலிப் பக்கம் என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லை. ஒரு பழைய சேத்துக் கிணறு. அதை விட்டு இருபது வருஷம் ஆச்சு."

"மூடின கிணறா?"

"மூடினதுதான். அதுக்குள்ள எல்லாம் இறங்க வேண்டாம் சார்."

எச்சரித்தேன் என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ளலாம். வேண்டாம் என்ற இடத்துக்கு முதலில் போகிறவர் அவர் என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. டீயை அங்கேயே வைத்துவிட்டு வடக்குப் பக்கம் நடந்தார். அவருடைய டீயில் ஈ விழுந்தது. எடுத்துக் கொட்டினேன்.

கிணற்றில் இறங்குவதற்கு முறை இருக்கிறது. வரும் குழாயின் வால்வை மூட வேண்டும், பூட்ட வேண்டும், சிவப்பு அட்டை தொங்கவிட வேண்டும். அரை மணி நேரம் காற்று ஊத வேண்டும். விஷவாயு இருந்தால் அடிக்கும் மணிக் கருவியை உள்ளே இறக்கி, அது அடிக்கவில்லை என்றால் மட்டுமே ஆள் இறங்கலாம். இடுப்பில் கயிறு கட்ட வேண்டும், மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்து நிற்க வேண்டும். கீழே இருப்பவர் விழுந்தால் மேலே இருப்பவர் இறங்கவே கூடாது. இதெல்லாம் என் தம்பியின் வேலை. அவன் எல்லாவற்றையும் செய்தான். ஏழாம் வாரம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் வால்வைப் பூட்டியதை என் கண்ணால் பார்த்தேன். பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று அவனிடம், இன்னொன்று தலைமை இயக்குநரிடம்.

வால்வு செரிமானத் தொட்டிக்குப் பின்னால் இருக்கிறது. கிணற்றிலிருந்து எழுபது அடி எடுத்து வைத்தால் போதும், ஆனால் அங்கிருந்து பார்த்தால் தெரியாது. பதினோரு மணிக்கு மோப்பக்காரர் இறங்கினார். பன்னிரண்டு படி. மணி அடிக்கவில்லை, எல்லாம் சுத்தமாக இருந்தது. அவர் கீழே போய்க் கூண்டைச் சேற்றின் மேல் வைத்திருக்க வேண்டும். "ஐயாகிட்ட சொல்லுங்க, இங்கதான் இருக்கு, மாட்டிக்கிச்சு" என்று தம்பியிடம் கத்தியது வால்வருகே நின்ற எனக்குக் கேட்டது. சந்தோஷமாக இருந்தார். ஏழு வாரம் தேடியது அவருக்குக் கிடைத்துவிட்டது.

நான் பூட்டைத் திறந்து வால்வை முழுதாகத் திருகினேன். கிரீஸ் போட்ட வால்வு, ஓசையே வரவில்லை. தொட்டியின் அடிச்சேறு கிணற்றில் போய் விழுந்தால், தேங்கியதும் புதியதும் கலங்கி, உள்ளே இருக்கும் விஷவாயு ஒரே நேரத்தில் எழும்பும். இரண்டு மூச்சு போதும். மணி அடித்தது. நான் எண்ணத் தொடங்கினேன். முந்நூறு வரை எண்ணி மூடுவதென்று முன்பே தீர்மானித்திருந்தேன். குறைவாக விட்டால் அரைகுறையாக முடியும்.

நூற்றெண்பதில் என் தம்பி கூப்பிட்டான்.

"அண்ணே."

நான் பக்கத்தில் எங்கேயோ இருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். இருநூற்றுப் பத்தில் மறுபடியும் கூப்பிட்டான். "அண்ணே, கயிறு ஏணியில மாட்டிக்கிச்சு. ஒரு கை குடுங்கண்ணே." இரண்டு பேர் இழுத்திருந்தால் கயிறு விடுபட்டிருக்கும் என்று பிறகு ஷாக்கு சொன்னார். இருக்கலாம். நான் எண்ணிக்கையில் இருந்தேன். தொடங்கிய எண்ணிக்கையை நடுவில் விடுவது எங்கள் வீட்டில் கிடையாது. முந்நூறு ஆனதும் வால்வை மூடினேன், பூட்டினேன், அட்டையை நேராகத் திருப்பி வைத்தேன், நடந்து போனேன்.

கிணற்றின் மேலே யாரும் இல்லை. தம்பியின் செருப்பு இரண்டும் விளிம்பில் ஜோடியாக இருந்தன.

அவன் இறங்குவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இறங்கக் கூடாது என்ற விதியை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவனே அவன்தான். அவனைக் கொன்றது நான் என்று நீங்கள் எழுதுவீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். நான் அப்படி எழுத மாட்டேன். மோப்பக்காரரை மட்டும்தான் நான் கொன்றேன். என் தம்பி ஒரு நல்ல ஆளைக் காப்பாற்றப் போனான். நல்ல ஆள் என்று அவனாகவே முடிவு செய்திருந்தான். பெரியவன் பேச்சை அந்த ஒரு விஷயத்தில் அவன் கேட்கவில்லை.

இரண்டு பேரையும் ஷாக்குதான் மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டு தூக்கினார். பிறகு தம்பியின் செருப்பை எடுத்துத் துடைத்து அவன் பக்கத்தில் வைத்தார்.

பழைய வால்வு கசிந்துவிட்டது என்று நீங்கள் எழுதுவீர்கள் என்றுதான் நான் கணக்குப் போட்டிருந்தேன். நீங்கள் வால்வைக் கழற்றிச் சோதித்தீர்கள். ஒரு சொட்டுக் கசியவில்லை. கசியாது, நான் பார்த்துக்கொண்ட வால்வு அது. அதனால் உங்கள் முதல் அறிக்கையில் வேறு விதமாக எழுதினீர்கள். பம்பு இயக்குநர் வால்வை மூட மறந்து ஆளை இறக்கியிருக்கிறார், விபத்தைப் பார்த்ததும் ஓடிப்போய் மூடிப் பூட்டியிருக்கிறார், பிறகு இறங்கியிருக்கிறார், காரணம் கவனக்குறைவு. என்னைப் பற்றி, வயதானவர், அதிர்ச்சியில் இருக்கிறார், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். நன்றி.

போன திங்கட்கிழமை லேப் அம்மா வீட்டுக்கு வந்து மோப்பக்காரரின் அறிக்கையைக் கொடுத்துவிட்டுப் போனார். மூக்குப் படம் போட்ட கையெழுத்துப் பிரதி. அன்று கூட்டத்தில் காட்டாமல் போன பக்கமும் அதில் இருந்தது. ஒட்டுப் போட்ட முதல் மூடி இருந்த காலத்தில் இந்த நிலையம் வெடிக்காமல் தப்பியது முதல் தலைமை இயக்குநரின் காலை வழக்கத்தால்தான் என்று எழுதியிருக்கிறார். புதிய மூடி வந்தபின் அதை நிறுத்தலாம் என்று யாரும் அவருக்கு எழுதவில்லை, எனவே இயக்கப் பிழை என்பது நிர்வாகத்தின் பிழை என்று எழுதியிருக்கிறார். புதுக் கட்டடத்துக்கு அவர் பெயரே பொருத்தமானது என்று கடைசியில் ஒரு வரி. இரண்டு தடவை படித்தேன். எழுத்து நன்றாக இருந்தது. சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிட்டுப் படத்தைப் போட்டிருக்கலாம். வரிசை தப்பினால் எந்த வேலையும் இப்படித்தான் முடியும். அதற்கு நான் பொறுப்பல்ல.

நான் இதை எழுத உட்கார்ந்தது அந்த அறிக்கையால் அல்ல. நேற்றுக் காலை தம்பி மனைவி வந்தாள். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"மாமா, அவர் வால்வை மூட மறந்துட்டாருன்னு எல்லாரும் பேசுறாங்க. பள்ளிக்கூடத்துல பசங்ககிட்டகூடக் கேட்டிருக்காங்க, உங்கப்பா மறந்ததாலதான் அந்த சார் செத்துட்டாராமேன்னு. நீங்க அதை நம்புறீங்களா?"

"நம்பலை" என்றேன்.

"அப்போ நீங்களாவது சொல்லுங்க மாமா. அவர் வீட்டுல கேஸ் அடுப்பையே நாலு தடவை தொட்டுப் பார்க்கிற ஆளு."

"சொல்றேன்" என்றேன். அவள் சேலை முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

என் தண்டனையைப் பற்றி நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். அதில் எனக்குக் கேட்க ஒன்றுமில்லை. கவனக்குறைவு என்ற சொல்லை மட்டும் உங்கள் அறிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள். அவன் விதியை மீறி இறங்கினான், தெரிந்தே மீறினான். அதற்குப் பெயர் கவனக்குறைவு அல்ல. எங்கள் குடும்பத்தில் அந்தச் சொல்லுக்கு இதுவரை வேலை இருந்ததில்லை.

என் தம்பி வால்வை மூட மறந்துவிட்டான் என்று நிலையத்திலும் ஊரிலும் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அவன் மூடினான், பூட்டினான், அட்டை மாட்டினான். அது மூடியிருந்ததால்தான் நான் திறக்க வேண்டியிருந்தது.